பூட்டிய வீட்டின் சராசரி

காலை ஏழு பத்துக்கு போன் அடிக்கும். மாப்பிள்ளைக்கு அந்த விஷயத்தில் ஒரு நிமிஷம் முன்பின் கிடையாது.

"மாமா, எவ்வளவு?"

"நூத்தி நாப்பத்திரெண்டு."

"சாப்பாட்டுக்கு முன்னாடிதானே?"

"பின்ன? பச்சத் தண்ணி இன்னும் பல்லுல படல."

"சரி மாமா. வைக்கிறேன்."

அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்ததும் மீட்டர்காரர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுப்பார். தேதி எழுதி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 142 என்று முத்து முத்தாக எழுதுவார். அப்புறம் சர்க்கரை பார்க்கும் மிஷினைப் பையிலிருந்து எடுப்பார். பொத்தானை அமுக்குவார், திரையைப் பார்ப்பார், அணைத்துவிட்டுத் திரும்பப் பையில் வைப்பார். விரலில் மட்டும் ஊசி குத்தமாட்டார். குத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

முப்பத்திநாலு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படித்தவர். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் மீட்டருக்கு முன்னால் சைக்கிளைச் சாத்தி வைத்திருப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த வேலையில் ஒரு விதி உண்டு. வீடு பூட்டியிருந்தால் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வரக்கூடாது. முந்தின மூன்று தடவை வந்த அளவைக் கூட்டி, மூன்றால் வகுத்து, வருகிற சராசரியை எழுத வேண்டும். கூடவே பூட்டியிருந்தது என்று ஒரு குறியும் போட வேண்டும். வெயிலுக்குச் சோம்பி, திறந்திருந்த வீட்டுக்கும் அந்தக் குறியைப் போட்ட புண்ணியவான்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். அவர் ஒரு நாளும் போட்டதில்லை. "நாய் கவ்வினப்பகூட ஒரு கையால டார்ச்சைப் புடிச்சுப் படிச்சிட்டுத்தான் வந்தேன்" என்பார்.

அப்படிப்பட்ட மனுஷன் இப்போது தன் ரத்தத்துக்கே சராசரி எழுதிக்கொண்டிருந்தார். நூற்று முப்பத்தெட்டு, நூற்று நாற்பத்தைந்து, நூற்று நாற்பது. நம்பர் நகர வேண்டும், ஆனால் ஓடக்கூடாது. அந்த நெளிவு சுளிவு அவருக்குத் தெரியாதா? குறியை மட்டும் போடவில்லை.

மாப்பிள்ளை அந்த நம்பர்களை டாக்டருக்கு அனுப்பினான். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். இரண்டு மாதத்துக்கு முன்னால் ராத்திரி மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். "இந்த வயசுல இவ்வளவு கட்டுப்பாடா!" என்றாராம். மீட்டர்காரர் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். வகுத்தல் கணக்குக்குப் பாராட்டு வாங்கிய முதல் நோயாளி அவராகத்தான் இருக்கும்.

இதெல்லாம் மகள் இருந்தபோது நடக்காது. ஒரே பிள்ளை. அம்மா இல்லாமல் வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை வந்தாள் என்றால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அப்பாவின் விரலைப் பிடித்துவிடுவாள். அப்போதும் அவர் ஒன்றும் ஒழுங்கானவர் இல்லை. முட்டி வலித்தால் வயசு, மூச்சு வாங்கினால் வயசு, படிக்கட்டில் கண் இருட்டினால் அதுவும் வயசு.

"உங்க வயசு என்னப்பா குப்பைத்தொட்டியா? எல்லாத்தையும் கொண்டுபோய் அதுலயே கொட்டுறீங்க!"

"தொட்டி பெருசும்மா. இன்னும் எடம் கெடக்கு."

"கையைக் குடுங்க. பேச்சை மாத்தாதீங்க."

அவள் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவள். எண்ணெயை ஸ்பூனில் அளப்பாள். காலையில் நாற்பது நிமிஷம் நடப்பாள். வருஷத்துக்கு ஒருமுறை உச்சி முதல் உள்ளங்கால் வரை பரிசோதனை. கடைசிப் பரிசோதனை முடிந்து இருபது நாள் ஆகவில்லை. மத்தியானம் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் தலை வலிக்கிறது என்றாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வயது முப்பத்தொன்று. பரிசோதனை ஃபைலைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே இருந்தது.

பதினான்கு மாதம் ஆகிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடமும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவர்களிடமும் மீட்டர்காரர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"உடம்பைக் காட்டினவ போயிட்டா. காட்டாதவன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்."

அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். கீழே தரைத்தளத்தில் கடை வைத்திருக்கும் டெய்லர் ஒருவரைத் தவிர.

டெய்லருக்கு எழுபத்தொன்று. இவரைவிட இரண்டு வயது இளையவர். போன வருஷம்தான் நீச்சல் கற்றுக்கொண்டிருந்தார்.

"இந்த வயசுல நீச்சல் எதுக்குய்யா? காடு வா வாங்குது, வீடு போ போங்குது."

"ரெண்டும் சொல்லிட்டுப் போகட்டும். நான் குளத்துல கெடக்கேன், வந்து புடிக்கச் சொல்லு."

இப்படித்தான் இருவருக்கும் பேச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மீட்டர்காரர் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கால்மேல் கால் போட்டார். டெய்லர் வெட்டிக்கொண்டிருந்த துணியை விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தூக்கினார்.

"யோவ், அசையாத."

பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் ஒரு குண்டூசித் தலை மினுங்கியது. டெய்லர் நகத்தால் பிடித்து இழுத்தார். முக்கால் விரல் நீளம் வந்தது. பின்னால் ஒரு சொட்டு ரத்தம், அதுவும் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு வந்தது.

"எப்பக் குத்துச்சு?"

"தெரியலையே. காலைல இங்க வந்துட்டுப் போனேனே, அப்ப இருக்கும்."

"நான் ஒரு ஊசி கொறையுதேன்னு காலையிலேருந்து தேடுறேன். நீ அதைக் கால்ல மாட்டிக்கிட்டு ஊர்வலம் போயிட்டு வந்திருக்கே! திருட்டுக் கேஸ் குடுக்கட்டுமா?"

இருவரும் சிரித்தார்கள். டெய்லர் முதலில் நிறுத்தினார்.

"வலிக்கலையா உனக்கு?"

"எழுபத்திமூணு வருஷம் நடந்த காலு. தடிச்சுப் போயிருக்காதா? வலிக்காததுக்கெல்லாம் வைத்தியம் பாக்குற ஆளு உலகத்துலேயே நீ ஒருத்தன்தான்."

"சர்க்கரைக்காரன் கால்ல வலி தெரியலைன்னா அது நல்லதுக்கில்லய்யா. மாப்பிள்ளைகிட்ட சொல்லு."

"சும்மா கெடக்குற சங்கை ஊதிக் கெடுக்காத. அவரே பாதி உயிரா நடமாடுறாரு. அதுல என் காலையும் தூக்கி அவர் தலைல வைக்கணுமா?"

"அப்ப நான் சொல்றேன்."

"சொன்னே, இனிமே உன் கடைப் படி மிதிக்கமாட்டேன்."

டெய்லர் வாயை மூடிக்கொண்டார். பன்னிரண்டு நாள் மூடிக்கொண்டிருந்தார். அந்தப் பன்னிரண்டு நாளில் குத்தின இடம் சிவந்தது, வீங்கியது, கறுத்தது. மீட்டர்காரர் மஞ்சள் களிம்பைத் தடவி, மேலே சாக்ஸைப் போட்டுக்கொண்டார். வீட்டுக்குள்ளும் சாக்ஸ், தூங்கும்போதும் சாக்ஸ். காலையில் ஏழு பத்துக்கு நூற்று நாற்பத்தொன்று, நூற்று முப்பத்தொன்பது. ஆனால் நாற்றத்துக்குச் சராசரி போட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவரைப் பார்த்து டெய்லர் மூக்கைச் சுருக்கினார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் போனை எடுத்தார்.

மாப்பிள்ளை மூன்று மணி நேரத்தில் வந்து நின்றான். பாலம் கட்டுகிற கம்பெனியில் இன்ஜினியர். முப்பத்திநாலு வயது. கல்யாணத்துக்கு எடுத்த சட்டையை இப்போது போட்டால் உள்ளே இன்னொருவரும் நிற்கலாம். பெல்ட்டில் ஆணியால் குத்தின புது ஓட்டை இரண்டு. மாடி ஏறி வந்தவன் உட்காரவில்லை.

"சாக்ஸைக் கழட்டுங்க மாமா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. அந்த டெய்லர் கடுகை மலையாக்குவான். நீங்க முதல்ல தண்ணி குடிங்க."

மாப்பிள்ளை தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஐயோ, நீங்க போய் என் காலைத் தொட்டுக்கிட்டு..."

அவன் சாக்ஸை மெல்ல உருட்டிக் கழற்றினான். இரண்டு விரல்கள் கரிக்கட்டையாக இருந்தன. அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் பதினான்கு மாதமாக ஒன்றும் தெரிவதில்லை.

"மிஷின் எங்க மாமா?"

மீட்டர்காரர் அலமாரிப் பக்கம் பார்த்தார். அவனே அலமாரியைத் திறந்து பையை எடுத்தான். ரத்தம் தொடும் பட்டைகள் இருக்கும் சின்ன டப்பா உள்ளே இருந்தது. மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த காகிதம் கிழியவே இல்லை. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேஜைமேல் இருந்த நோட்டைப் பார்த்தான். பிறகு மிஷினின் பொத்தானை அமுக்கினான்.

திரையில் 167 என்று வந்தது. கீழே ஒரு தேதி. அவள் போவதற்கு இரண்டு நாள் முந்தின ஞாயிற்றுக்கிழமை.

"கடைசியா அவ குத்தினது" என்றார் மீட்டர்காரர். "போட்டதும் அதுதான் வரும். புதுசா நான் குத்தினா அது பின்னால போயிடும் மாப்பிள்ளை."

"போகாது மாமா. உள்ளேயே இருக்கும். ஐநூறு நம்பர் வரைக்கும் வெச்சிருக்கும்."

"முன்னால இருக்காதுல்ல."

மாப்பிள்ளை மிஷினை அணைக்கவில்லை. அது தானாக அணைகிற வரைக்கும் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் கையைக் கேட்காமலே எடுத்துக் குத்தினார்கள். நானூற்றுப் பதினெட்டு. அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு அம்மாள். பேச்சில் ஒட்டுத்துணியே கிடையாது, எல்லாம் நேர்வெட்டு.

"நாளைக்கே பண்ணினா ரெண்டு விரலோட போகும். தள்ளிப்போட்டா பாதம் போகும்."

"எழுபத்திமூணு ஆச்சு டாக்டர். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

"சாணுக்கும் முழத்துக்கும் நடுவுல கணுக்கால் இருக்குதுங்க ஐயா."

"இந்தக் கட்டையை நாலு வருஷம் கூட ஓட்டி என்ன பண்ணப் போறேன்? போறப்ப முழுசாப் போறேனே."

டாக்டரம்மா மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். நோயாளிக்கு நினைவு இருக்கும்போது அவர் சம்மதம் இல்லாமல் கத்தியைத் தொட முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு நர்ஸ் சம்மத ஃபாரத்தோடு வந்தாள். சின்னப் பெண். வேலையில் கெட்டி.

"நீங்க ஐயாவுக்கு என்ன வேணும்?"

"மருமகன்" என்றான் மாப்பிள்ளை.

"மக எங்க? மகளை வரச் சொல்லுங்க சார். இந்த மாதிரி அடம் புடிக்கிற பெரியவங்க பொண்ணு வந்து நாலு சத்தம் போட்டாத்தான் வழிக்கு வருவாங்க."

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். அவள் இல்லை என்பதை அவன் இதுவரை எத்தனை அலுவலகத்தில், எத்தனை ஃபாரத்தில், எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான் என்று மீட்டர்காரர் கணக்குப் பார்த்தார். இன்னொரு தடவை அவன் சொல்வதைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை.

"வெளியூர்ல இருக்காம்மா" என்றார்.

"போன்லயாவது பேசச் சொல்லுங்க."

"சொல்றோம்."

நர்ஸ் போன பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இரண்டு நாள் இப்படியே போயிற்று. டெய்லர் வந்து கெஞ்சினார், திட்டினார், "நான் பன்னெண்டு நாள் வாயை மூடிக்கிட்டிருந்தேனே, பாவி" என்று தன் கன்னத்தில் தானே அடித்துக்கொண்டார். மீட்டர்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்து, இந்தத் தடவை குரலைத் தாழ்த்தினார்.

"இனிமே விரலும் இல்ல, பாதமும் இல்ல. முட்டிக்குக் கீழ எடுக்கணும். நாளைக்கு வந்து கேட்டா முட்டிக்கு மேல. அதுக்கு அடுத்த நாள் கேக்கறதுக்கு நீங்க இருக்கமாட்டீங்க."

அவர் போனபின் மாப்பிள்ளை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தோள்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். பாலத்துக்கு வரைபடம் போடுகிற கட்டம் போட்ட தாள், நாலாக மடித்தது. விரித்து அவர் நெஞ்சின்மேல் வைத்தான். அதில் ஒரு கோடு. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, சின்னச் சின்ன மேடு பள்ளத்தோடு, ஒரே சீராகப் போயிற்று. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. நானூறு புள்ளிக்கு மேல் இருக்கும்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"நீங்க சொன்ன நம்பர்."

மீட்டர்காரர் காகிதத்தைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு புள்ளியையும் பென்சிலால் வைத்து, மேலே மையால் இணைத்திருந்தான்.

"காலைல எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு இருக்கும் மாமா. ஏழு பத்துக்கு உங்களைக் கூப்பிடணும்னு எந்திரிப்பேன். புள்ளி வைப்பேன். அப்புறம் குளிப்பேன், வேலைக்குப் போவேன்." அவன் நிறுத்தினான். ஒரே மூச்சில் அவன் இவ்வளவு பேசி அவர் கேட்டு நாளாகிவிட்டது. "எல்லாம் போச்சு, இது ஒண்ணுதான் நல்லாப் போயிட்டிருக்குன்னு நெனைச்சேன்."

மீட்டர்காரர் அந்தக் கோட்டை விரலால் கடைசி வரை தொட்டுக்கொண்டே போனார். முப்பத்திநாலு வருஷத்தில் ஒரு வீட்டுக்கும் செய்யாததை இந்த ஒரு வீட்டுக்குச் செய்திருக்கிறார். தன் உடம்பை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு, நாள் தவறாமல், இந்தப் பிள்ளைக்கு.

"ராத்திரி மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்கன்னு சொன்னேன்ல. அன்னைக்கு நான் ஹோட்டல்ல போய் உக்காந்து வயிறாரச் சாப்பிட்டேன்" என்றான் மாப்பிள்ளை. "சந்தோஷத்துல."

"மாப்பிள்ளை..."

"அது வேற. என்னை அப்படிக் கூப்பிடறது இப்ப நீங்க ஒருத்தர்தான். மத்தவங்களுக்கு நான் பொண்டாட்டி செத்தவன். நீங்களும் போயிட்டா நான் யாருக்கு மாப்பிள்ளை?"

அவன் குரல் உயரவே இல்லை. சிமெண்டு மூட்டை எத்தனை என்று கேட்கிறவன் மாதிரித்தான் கேட்டான்.

மீட்டர்காரரிடம் சொல்வதற்குப் பதில்கள் நிறைய இருந்தன. வயசு, காடு, வீடு, கட்டை என்று எழுபத்திமூன்று வருஷத்துப் பதில்கள். காட்டினவ போயிட்டா என்பது நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பதில் மற்றவர் வாயை அடைப்பதற்கு ஆகும். இவனிடம் ஆகாது. போனவள் இவனுக்கும் போனவள்தான்.

"பேனா வெச்சிருக்கீங்களா?" என்றார்.

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். நர்ஸ் ஃபாரத்தைக் கொண்டுவந்தாள். அவர் எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். 'இடது கால், முட்டிக்குக் கீழே' என்று இருந்த இடத்தைத் தாண்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நாளைக்கு முன்னால் என்றால் அங்கே இரண்டு விரல் என்று இருந்திருக்கும்.

"பதினோரு மணிக்குக் கூட்டிட்டுப் போவாங்க" என்றாள் நர்ஸ்.

மாப்பிள்ளை எழுந்தான். வரைபடத் தாளை மடித்துப் பையில் வைத்தான். "வந்துடறேன் மாமா" என்று வெளியே போனான். கதவு இரண்டு தடவை ஆடி நின்றது.

முதலில் அவருக்கு அது என்ன சத்தம் என்று விளங்கவில்லை. யாரோ கனமான ஒன்றைத் தரையில் இழுப்பது போல இருந்தது. பிறகு மூச்சு. பிறகு மறுபடியும் அந்த இழுப்பு. அவள் போன அன்றைக்கும் அவன் அழவில்லை. பதினாறாம் நாளும் இல்லை, வருஷம் திரும்பினபோதும் இல்லை. நெஞ்சழுத்தக்காரன் என்று உறவில் பேசினார்கள். இப்போது நடைபாதையில், முன்பின் தெரியாதவர்கள் வந்துபோகிற இடத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு அழுகிறான் போலிருந்தது.

"மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். குரல் கட்டில் விளிம்பைத் தாண்டவில்லை.

போர்வையை விலக்கி வலது காலை இறக்கினார். இடது காலையும் இறக்கினார். ஊன்றினார். அது ஊன்றவில்லை. அந்தப் பக்கம் தரையே இல்லாதது போலச் சாய்ந்தார். நர்ஸ் ஓடிவந்து இடுப்பைப் பிடித்தாள். கையில் ஏற்றியிருந்த மருந்துக் குழாய் இழுபட்டு அதற்குள் ரத்தம் ஏறியது.

"என்ன ஐயா பண்றீங்க? படுங்க! எங்க போகணும்?"

"வாசல் வரைக்கும்தாம்மா."

"முடியாது. படுங்க முதல்ல."

அவள் காலைத் தூக்கிப் படுக்கையில் வைத்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். கதவு ஆறு தப்படித் தூரத்தில் இருந்தது. ஆயிரக்கணக்கான படிகள் ஏறி இறங்கின ஆள், அந்த ஆறையும் எண்ணிப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"எடுத்துட்டா, அப்புறம் எத்தனை நாள்ல நடக்கலாம்?"

ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்று நாளில் தன் உடம்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. நர்ஸ் குழாயைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"புண்ணு ஆறணும். சர்க்கரை எறங்கணும். செயற்கைக் கால் பொருத்திப் பழகணும். ஒழுங்கா இருந்தீங்கன்னா ஒரு ஆறு மாசம்."

வெளியே அழுகை நிற்கவில்லை.

"ஆறு மாசமா" என்றார் அவர். "அதுவரைக்கும் நீ கொஞ்சம் போய் அவர் பக்கத்துல நில்லும்மா."